வறண்ட பூமிக்கு உகந்த மரம் எது? – வரலாறு கூறும் பதில்

 



நம் விருதுநகர் மாவட்டம் வானம் பார்த்த பூமி. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழையே இங்குப் பெய்கின்றது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்து ஓய்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இந்த வறட்சியே சிவகாசிக்குத் தொழிலையும் தந்தது. 1920-களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இங்கே தொடங்கினர். ஈரமற்ற காற்றும் ஓயாத வெயிலும் அத்தொழிலுக்கும், அதனைத் தொடர்ந்து வந்த பட்டாசுத் தொழிலுக்கும் துணையாயின. மருந்து உலர்வதற்கு வெயில் வேண்டும். ஆனால் அந்த மருந்தோடு நாளெல்லாம் உழைக்கும் மனிதனுக்கு நிழல் வேண்டும். நம் மக்களில் பலர் மதிய உணவைப் பிரித்து அமர்வது ஒரு மரத்தடியில்தான் என்பதை நாம் அறிவோம்.

ஆகவே மரம் நடுவது இவ்வூர்களில் அலங்காரச் செயலன்று. அது வாழ்வின் தேவை. ஆண்டுதோறும் பள்ளிவாசல் வளாகங்களிலும் மதரஸாக்களிலும் கபரஸ்தான்களிலும் வீட்டு முற்றங்களிலும் கன்றுகள் நடப்படுகின்றன. ஆனால் அடுத்த சித்திரையில் அவற்றுள் பெரும்பாலானவை காய்ந்த குச்சிகளாகி நிற்கின்றன. எந்த மரத்தை, எதற்காக, எந்த நீரை நம்பி நடுவது என்ற கேள்வியை நாம் கேட்டுக்கொள்ளாததே இதற்குக் காரணம். இக்கேள்விக்கு வரலாறு தெளிவான பதில்களை வைத்திருக்கின்றது.

மதீனாவில் நடப்பட்ட முந்நூறு கன்றுகள்

பாரசீகத்தில் பிறந்து, சத்தியத்தைத் தேடிப் பல நாடுகள் அலைந்து, இறுதியில் மதீனாவில் அடிமையாக விற்கப்பட்டவர்கள் ஹழ்ரத் ஸல்மான் ஃபாரிஸீ (ரலி) அவர்கள். அவர்களை விடுதலை செய்வதற்கு அவர்களின் எஜமானன் விதித்த விலை, 300 பேரீச்ச மரங்களும் 40 ஊகியா பொன்னுமாகும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களை நோக்கி, உங்கள் சகோதரருக்கு உதவுங்கள் என்று பணித்தார்கள். ஒருவர் முப்பது கன்றுகள் தந்தார், இன்னொருவர் இருபது, மற்றொருவர் பதினைந்து, வேறொருவர் பத்து. அவரவர் வசதிக்கேற்பக் கன்றுகள் குவிந்தன. குழிகளைத் தோண்டி முடித்த பின் தமக்கு அறிவிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். குழிகள் ஆயத்தமானதும் தாமே வந்து, தம் திருக்கரத்தால் கன்றுகளை நட்டார்கள். அவற்றுள் ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை என்று ஸல்மான் (ரலி) அவர்களே அறிவித்துள்ளார்கள். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முஸ்னதில் இவ்வரலாறு இடம்பெற்றுள்ளது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனையாகும். முந்நூறு கன்றுகளை நட்டுத் தருவது மட்டுமன்று, அவற்றை உயிர்ப்பித்துத் தருவதே விடுதலைக்கான விலையாக இருந்தது. நட்ட எண்ணிக்கை அங்குக் கணக்கில் இல்லை. தழைத்த எண்ணிக்கையே கணக்கு. மேலும், கன்று வருவதற்கு முன்பே குழி ஆயத்தமாக இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மரமோ, அந்தப் பாலை மண்ணில் தலைமுறை தலைமுறையாகப் பழகிய பேரீச்சை. காய்ந்த காற்றையும் உவர் நீரையும் அது தாங்கும். ஆயினும் வேருக்கு ஈரம் வேண்டும் என்பதை மதீனத்து மக்கள் நன்கறிந்திருந்தனர்.

ஒரு முஸ்லிம் நடும் மரத்திலிருந்து மனிதரோ விலங்கோ பறவையோ உண்ணுமாயின் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற நபிமொழியை புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ்களிலும் காண்கிறோம். உண்ணுவதற்கு அந்த மரம் உயிரோடு நிற்க வேண்டுமல்லவா? நட்டுவிட்டுக் கைகழுவிய கன்றிலிருந்து எந்தப் பறவையும் உண்பதில்லை.

அந்தலூஸ் கற்பித்த ஒழுங்கு

வெளிநாட்டு மரங்களை நம் முன்னோர்கள் வெறுக்கவில்லை. உமய்யா வம்சத்தின் அப்துர் ரஹ்மான் என்னும் இளவரசர், சிரியாவிலிருந்து தப்பிச் சென்று 756-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகரில் ஆட்சி அமைத்தார். தம் பாட்டனார் ஹிஷாம் சிரியாவில் அமைத்த மாளிகையின் நினைவாக ருஸாஃபா என்ற தோட்டத்தை அவர் உருவாக்கினார். கிழக்கிலிருந்து பேரீச்சையும் மாதுளையும் அங்கு வந்து சேர்ந்தன. மாதுளை வந்த விதம் சுவையானது. அதன் விதைகளைப் பெற்ற ஸஃபர் என்பவர், உடனே நாடெங்கும் பரப்பிவிடவில்லை. தம் ஊரில் நட்டு, வளர்த்து, அது பூத்துக் காய்த்துப் பழுத்த பின்னரே அக்கனியை அமீரிடம் கொண்டுவந்தார். அமீரும் அதைச் சுவைத்து மகிழ்ந்து தம் தோட்டத்தில் நடச்செய்தார். அவர் பெயராலேயே அது ஸஃபரீ மாதுளை என்று பெயர்பெற்றது. முதலில் சிறிய அளவில் சோதனை, பின்னரே பரவல். இதுவே அவர்கள் கைக்கொண்ட ஒழுங்கு.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் இஷ்பீலியா நகரத்து இப்னுல் அவ்வாம் அவர்கள் எழுதிய கிதாபுல் ஃபிலாஹா என்னும் வேளாண்மை நூலில் 585 தாவரங்கள் விளக்கப்படுகின்றன. அவ்வளவு தாவரங்களை அறிந்த அந்த அறிஞர், நூலை மரத்தின் பெயரோடு தொடங்கவில்லை. முதலில் மண்ணின் வகை, அடுத்து எரு, அதற்கடுத்து நீர். அதன் பின்னரே தோட்டம். இந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிட்டோம். நாற்றுப் பண்ணையில் கண்ணுக்கு அழகாகத் தோன்றும் கன்றை முதலில் வாங்குகிறோம். மண்ணையும் நீரையும் பின்னர் எண்ணுகிறோம்.

ஜமைக்காவிலிருந்து வந்த வித்து

இந்த ஒழுங்கு மீறப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு நம் கண்முன்னே நிற்கும் சான்று சீமைக் கருவேலம். மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி, கரீபியத் தீவுகள் ஆகியவை அதன் தாயகம். 1876-இல் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம் என்பவர், எரிபொருளுக்காக இம்மரத்தைக் கொண்டுவரலாம் என்று அரசுக்கு எழுதினார். ஜமைக்கா தீவிலிருந்து வித்துகள் தருவிக்கப்பட்டு 1877-இல் கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்டன. அது தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டிய காலம்.

பெருந்தலைவர் காமராசர் ஆட்சியில்தான் இம்மரம் இந்நாட்டிற்கு வந்தது என்று நம் பகுதியில் பேசப்படுவதுண்டு. அது சரியன்று. விருதுநகர் மண்ணில் அவர் பிறந்தது 1903-இல். வித்து வந்ததோ அதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பு. பிற்காலத்திலும் விறகுக்காகவும் வேலிக்காகவும் வறண்ட மாவட்டங்களில் அது பரப்பப்பட்டது உண்மையே. ஆனால் ஒரு மனிதர் மீது பழியைப் போடுவதற்கு முன் ஆண்டுக் கணக்கைச் சரிபார்ப்பது நம் மார்க்கம் கற்பித்த நேர்மையாகும்.

கேட்ட நன்மையை அம்மரம் தரவே செய்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் நம் மாவட்டத்தின் திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி பகுதிகளிலும் இராமநாதபுரம் மாவட்டத்திலும் எத்தனையோ ஏழைக் குடும்பங்களின் அடுப்பை எரித்தது அதன் விறகு. கரிமூட்டம் போட்டவர்களுக்குக் கூலி தந்ததும் அதுவே. ஆனால் கேட்காத தீங்குகளும் உடன்வந்தன. ஆடு மாடுகள் அதன் இனிப்பான நெற்றைத் தின்று, சாணத்தின் வழியே வித்தை எங்கும் விதைத்தன. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்த்தது. அந்த இனத்தைச் சார்ந்த மரமொன்றின் வேர் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டதாக 1960-களில் பதிவு செய்யப்பட்டுள்ளது. கண்மாய்களின் உட்பகுதியையும் ஓடைகளையும் தரிசு நிலங்களையும் அது மூடிக்கொண்டது; அதன் நெருக்கத்தில் வேறு செடிகள் தலைதூக்க இயலவில்லை.

இத்துன்பம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. சூடான் நாட்டில் 1917-இல் நடப்பட்ட இம்மரத்தை ஒழிக்க 1995-இல் அந்நாட்டு அரசு ஆணையிட வேண்டியதாயிற்று. ஐக்கிய அரபு அமீரகத்திலும் பாலையைப் பசுமையாக்கும் ஆர்வத்தில் நடப்பட்டு, பின்னர் கட்டுக்கடங்காமல் பரவியது. நம் மாநிலத்தில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் இதனை அகற்றுமாறு உத்தரவிட்டது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் களைத் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது.

இம்மரம் காற்றை நஞ்சாக்குகிறது என்றெல்லாம் கூறப்படும் ஆதாரமற்ற செய்திகளை நாம் நம்ப வேண்டியதில்லை. அறிந்த தீங்குகளே போதுமானவை. மரமும் அல்லாஹ்வின் படைப்பே; அதற்குப் பாவமில்லை. மழை பொய்த்து, கண்மாய் தூர்ந்து, உழவன் ஊரைவிட்டு வேறு வேலைக்குச் சென்ற பின் கேட்பாரற்றுக் கிடந்த நிலத்தையே அது பிடித்துக்கொண்டது. விறகு என்ற ஒரே நன்மையைக் கண்டு, பரவுமா, அடங்குமா, பின்வருவோர் என்ன செய்வர் என்று எண்ணாமல் தேர்ந்தெடுத்ததே பிழை. ஸஃபர் தம் ஊரில் கனி பழுக்கும்வரை காத்திருந்ததை இங்கு நினைவுகூர வேண்டும்.

அரஃபாவுக்குச் சென்ற வேம்பு

ஒரு மரம் நம்மிடம் வந்தது போல், இன்னொரு மரம் நம் நாட்டிலிருந்து சென்றது. அது வேம்பு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது ஆப்பிரிக்காவின் கானா, நைஜீரியா, சூடான் ஆகிய நாடுகளில் நிழலுக்காகவும் விறகுக்காகவும் நடப்பட்டது. 1970-களில் நைஜர் நாட்டின் மஜ்ஜியா பள்ளத்தாக்கில் மணற்காற்றைத் தடுத்துப் பயிரைக் காக்க வேப்ப மரங்கள் வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டன.

அரஃபாப் பெருவெளியில், ஹாஜிகளின் நிழலுக்காக, ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்பில் 50,000 வேப்ப மரங்கள் நடப்பட்டது 1980-களில் பதிவான செய்தியாகும். ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றித் திரும்பிய நம் ஜமாஅத்தார்கள் பலர், துல்ஹஜ் ஒன்பதாம் நாள் அந்த வெளியில் நம் ஊர் வேம்பைக் கண்டு வியந்ததைக் கூறியிருக்கிறார்கள். உலகின் பல நாட்டு மக்கள் துஆவுக்குக் கையேந்தி நிற்கும் இடத்தில் நிழல் தருவதற்கு ஒரு மரம் தேவைப்பட்டபோது, நம் புழுதியில் தானாக முளைக்கும் மரம் பொருத்தமானதாக அமைந்தது. கடும் வெப்பத்தைத் தாங்குவது, ஆடுகள் அதிகம் விரும்பாதது, கோடை உச்சத்திற்கு முன்பே புதுத்தளிர் விட்டு நிழலோடு நிற்பது ஆகியன அதன் சிறப்புகள். ஆயினும் அங்கும் நீர் பாய்ச்சியே அது வளர்க்கப்பட்டது. வறட்சியைத் தாங்கும் மரத்திற்கும் குழந்தைப் பருவம் உண்டு என்பதை மறக்கலாகாது.

ஆனால் இங்கே நாம் செய்வதென்ன? வளைகுடா நாடுகளின் சாலையோரங்களில் கண்ட கோனோகார்பஸ் மரத்தை, விரைவில் பச்சைச் சுவர்போல் வளர்கிறது என்று வீட்டு வாசலில் நடுவோர் உண்டு. அதன் வேர் குழாய்களைச் சிதைப்பதாகவும் மகரந்தம் ஒவ்வாமை தருவதாகவும் கூறி, குஜராத் அரசு 2023-இல் அதனை நடுவதைத் தடைசெய்தது. அமீரகமோ 2008-இல் தன் தேசிய மரமாக அறிவித்தது காஃப் என்னும் மரத்தை. அது வேறொன்றுமன்று; நம் நாட்டு வன்னி மரமேயாகும்! அவர்கள் நம் வன்னியைப் போற்றுகிறார்கள். நாம் அவர்கள் சாலையோரச் செடியை விலைகொடுத்து வாங்குகிறோம்.

எந்த இடத்திற்கு எந்த மரம்?

வரலாற்றின் இப்பாடங்களை நம் ஊர்களுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

பள்ளிவாசல் முற்றத்திற்கும் வீட்டு வாசலுக்கும் வேம்பும் புங்கையும் ஏற்றவை. புங்கையின் நிழல் அடர்த்தியானது. தொடக்கத்தில் சற்றுக் கூடுதலாக நீர் கேட்கும். ஆகவே நீர் ஓடும் பக்கத்தில் அதனை வைக்க வேண்டும். ஒளு செய்த நீர், ஷாஃபிஈ மத்ஹபின்படி மீண்டும் ஒளுவுக்குப் பயன்படாதெனினும் சுத்தமான நீரே. மரத்திற்கு அதை விடுவதில் தடையேதுமில்லை. நாளொன்றுக்கு ஐந்து வேளை சாக்கடையில் கலக்கும் அந்நீரைச் சிறு வாய்க்கால் மூலம் வேருக்குத் திருப்பினால், தனியாக நீர் ஊற்ற ஆள் தேட வேண்டியதில்லை.

பரந்த வக்ஃபு நிலங்களுக்குப் புளியும் பனையும் தக்கவை. புளியமர மகசூலைக் குத்தகைக்கு விட்டால் பள்ளிவாசலுக்கு நிலையான வருவாய் உண்டு. நம் மாநில மரமாகிய பனை பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும். நடுபவர் உண்ணாமல் போகலாம். கியாமத் நாள் வந்துவிட்ட போதிலும் கையிலுள்ள கன்றை நட முடிந்தால் நட்டுவிடுமாறு பணித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்திற்கு அது ஒரு தடையாகாது. நிலத்தின் எல்லையில் வன்னி, இலந்தை, நாட்டுக் கருவேலம் ஆகியவற்றை நிறுத்தலாம். மிஸ்வாக் குச்சி தரும் உகாய் மரமும் தமிழகத்தின் வறண்ட நிலங்களுக்கு உரியதே. மதரஸா மாணவர்கள் தங்கள் ஸுன்னத்தைத் தங்கள் வளாகத்திலேயே பறித்துக்கொள்ள அது வழிசெய்யும்.

கபரஸ்தான்களில் சுற்றுச்சுவரை ஒட்டி மட்டுமே மரங்கள் வேண்டும். கபுருகளுக்கு இடையே பெருமரங்களை நட்டால் வேர்கள் அடக்கத்தைக் குலைக்கும். குழி தோண்டுவோருக்கும் இடையூறாகும். பட்டாசுக் கூடங்களுக்கு அருகில் வாழ்வோர் இன்னொன்றையும் கருத வேண்டும். காய்ந்த புல்லும் சருகும் முட்புதரும் மண்டிக் கிடந்தால் ஒரு பொறியும் பெருந்தீயாகும். மருந்துக் கூடங்களை விட்டு விலகி, தொழிலாளர் உணவருந்தி இளைப்பாறும் இடத்தில் நிழல்மரம் அமைய வேண்டும். அதன் சருகுகள் அவ்வப்போது கூட்டி அகற்றப்பட வேண்டும்.

நடும் காலம் ஐப்பசி. அதற்கு முன்பே குழி வெட்டி, எருவிட்டு ஆறப்போட வேண்டும். கோடையில் கன்றின் அருகே மண்பானையைப் புதைத்து நீர் நிரப்பினால், கசியும் ஈரம் வேரை வளர்க்கும். வெடிக்கும் கரிசலைச் சருகால் மூடினால் ஈரம் தங்கும். சீமைக் கருவேலத்தை நெற்று முற்றுவதற்கு முன் வேரோடு அகழ்ந்து, அதன் முள்ளையே வேப்பங்கன்றுக்கு வேலியாக்கலாம்.

ஏழைகளை மறவாதிருப்போம்

ஒன்றை வலியுறுத்திக் கூற வேண்டியுள்ளது. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில், காக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்திற்கு ஹுனய் என்பவரைக் காவலராக நியமித்தார்கள். அப்போது, சில ஒட்டகங்களையும் சில ஆடுகளையும் மட்டுமே உடைய ஏழைகளை உள்ளே அனுமதிக்குமாறும், இப்னு அவ்ஃப் (ரலி), இப்னு அஃப்பான் (ரலி) போன்ற செல்வந்தர்களின் மந்தைகளுக்கு முன்னுரிமை தரவேண்டாம் என்றும் அறிவுறுத்தினார்கள். செல்வந்தருக்குக் கால்நடை போனால் தோட்டம் உண்டு. ஏழைக்கு வேறு வழியில்லை என்பது அவர்கள் கூறிய காரணம். ஸஹீஹ் புகாரீயில் இச்செய்தி உள்ளது.

நம் வக்ஃபு நிலங்களிலும் கபரஸ்தான்களிலும் முட்புதரை அகற்றும்போது, அதில் விறகு பொறுக்கியும் ஆடு மேய்த்தும் வாழும் கைம்பெண்களும் முதியோரும் இருக்கிறார்கள். இயந்திரத்தைக் கொண்டுவந்து ஒரே நாளில் வழித்தெடுத்து, விறகை மொத்தமாக விற்றுவிடுவது எளிது. அதனினும் சிறந்தது, பகுதி பகுதியாக அகற்றி, அவ்வேலையையும் விறகில் ஒரு பங்கையும் அவர்களுக்கே தந்து, அகற்றிய இடத்தில் உடனே நல்ல கன்றை நட்டு, அதைக் காக்கும் பொறுப்பைக் கூலியோடு அவர்களிடமே ஒப்படைப்பதாகும். வெற்றிடமாக விட்ட நிலத்தில் அடுத்த மழையிலேயே சீமைக் கருவேலம் திரும்பிவிடும்.

அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! ஆண்டறிக்கைகளில் மரக்கன்றுகள் நட்ட எண்ணிக்கையைப் படித்து மகிழ்கிறோம். இனிவரும் அறிக்கைகளில் அதனருகே இன்னும் இரண்டு விவரங்கள் இடம்பெற வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள். மூன்று கோடைகளைக் கடந்து உயிரோடு நிற்பவை எத்தனை? ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்றவர் யார்? நூறு கன்றுகளை நட்டுத் தொண்ணூறை இழப்பதினும், பத்துக் கன்றுகளை நட்டுப் பத்தையும் தழைக்கச் செய்வது மேலானது. ஸல்மான் (ரலி) அவர்களின் விடுதலை, உயிர்பெற்ற மரங்களைக் கொண்டே நிறைவேறியது.

நம் மண்ணுக்கும் நீருக்கும் ஏற்றதைத் தேர்ந்து, நட்டதைக் காத்து, நமக்குப் பின் வருவோர் நிழலில் அமர்ந்து நமக்காக துஆச் செய்யும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.